விலகியோர் வேதனம்: இலங்கைத் தொழிற் சட்டங்களில் இறுதிக் கொடுப்பனவின் காலம்

இலங்கையின் தொழிற் சட்டங்கள் பற்றித் தமிழில் எழுந்துள்ள கட்டுரைகளை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை வேலைநீக்கம், வேலைநிறுத்தம், கூட்டு ஒப்பந்தம் என்பனவற்றையே பொருளாகக் கொண்டிருத்தல் புலனாகும். இது இயல்பானதே. தொழிற்சங்க இயக்கத்தின் பெரும் போராட்டங்கள் இவற்றைச் சுற்றியே நிகழ்ந்தன. ஆயினும், எவ்வித ஆரவாரமுமின்றித் தானாகவே வேலையை விட்டு விலகும் ஊழியர் ஒருவர், தாம் ஏலவே உழைத்து முடித்த உழைப்பின் பலனை எப்பொழுது, எவ்வாறு பெறுதல் வேண்டும் என்ற வினா உரிய கவனத்தைப் பெற்றதில்லை. நீக்கப்பட்டவருக்காகச் சங்கம் குரல் கொடுக்கும். விலகியவரோ சங்கத்தின் உறுப்புரிமையையும் அத்துடன் இழந்தவராவர். அவருடைய பிணக்கு அவருடைய சொந்தப் பிணக்காகச் சுருங்கிவிடுகின்றது.

இவ்வினாவைக் கணக்கியற் பிரிவின் அன்றாட நடைமுறை சார்ந்த சிறு விடயம் எனக் கருதுவோர் உளர். அவ்வாறு கருதுவதற்கில்லை. கூலியுழைப்பின் அடிப்படை இயல்பொன்று இங்குதான் தெளிவாக வெளிப்படுகின்றது. உழைப்புச் சக்தியை விற்பவர் அதனை முதலிற் கொடுத்துவிட்டுப் பின்னரே அதன் விலையைப் பெறுகின்றார். எனவே தொழிலாளி எங்கும் முதலாளிக்குக் கடன் கொடுப்பவராகவே இருக்கின்றார் என்பதை மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்தில் எடுத்துக்காட்டியுள்ளார். மாதச் சம்பளம் பெறும் ஒருவர் ஒவ்வொரு மாதமும் முப்பது நாள் உழைப்பைக் கடனாகக் கொடுக்கின்றார். வேலை தொடரும்வரை இக்கடனுக்கு ஒரு பிணை உண்டு: இம்மாதச் சம்பளம் வராவிடின் அடுத்த மாதம் ஆள் வேலைக்கு வரமாட்டார் என்பதே அப்பிணை. விலகல் கடிதம் கையளிக்கப்பட்டதும் அப்பிணை அற்றுப்போகின்றது. வேறெதனையும் மறுத்து நிற்கும் வலிமை விலகியவரிடம் இல்லை. எஞ்சியிருப்பது சட்டம் ஒன்றே. அச்சட்டம் என்ன கூறுகின்றது என்பதை அவர் அறிந்திருக்கின்றாரா என்பது அடுத்த கேள்வி.

நடைமுறையில் நிகழ்வது நாம் யாவரும் அறிந்ததொன்று. விலகுபவரிடம், "எல்லாக் கணக்கையும் ஒன்றாக முடித்துத் தருவோம்" என்று கூறப்படும். இறுதி மாதச் சம்பளம், எடுக்கப்படாத விடுமுறைக்கான பணம், பணிக்கொடை, சேமலாப நிதிக்கான பத்திரங்கள் யாவும் ஒரே கோவையில் இடப்படும். ஒவ்வொரு பிரிவின் தலைவரும் கையொப்பமிடவேண்டிய விடுவிப்புப் படிவமொன்று மேசைக்கு மேசை நகரும். நூலகத்திற்குத் திருப்பவேண்டிய ஒரு புத்தகமோ, ஒரு திறப்போ, கையிருப்புக் கணக்கில் ஒரு சிறு வித்தியாசமோ எஞ்சியிருந்தால் முழுக் கோவையும் தேங்கிவிடும். இங்ஙனம் பலவற்றை ஒன்றாகக் கட்டுவதே தாமதத்தின் மூலவேர் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஏனெனில் இலங்கைச் சட்டத்தில் 'இறுதிக் கொடுப்பனவு' என்று ஒன்று இல்லை. வெவ்வேறு சட்டங்களிற் பிறந்த, வெவ்வேறு தவணைகளையுடைய, ஒன்றையொன்று சார்ந்து நில்லாத பல கொடுப்பனவுகளே உள்ளன. அவற்றைத் தனித்தனியே பிரித்து நோக்குதல் வேண்டும்.

அதற்கு முன், வரலாற்றினைச் சிறிது திரும்பிப் பார்த்தல் பொருத்தமானது. விலகும் உரிமை என்பதே இந்நாட்டில் எளிதிற் கிடைத்ததொன்றன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலோ நியாயமான காரணமோ இன்றி வேலையை விட்டுச் செல்வதைக் குற்றமாகக் கருதிற்று. உழைத்த கூலியை இழத்தலும் சிறைவாசமும் அதற்குரிய தண்டனைகளாக இருந்தன. ஒப்பந்தமொன்றை மீறுதல் குடியியற் தவறேயன்றிக் குற்றவியற் தவறன்று என்பது பொதுவான சட்டக் கோட்பாடாகும். பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் தேவைக்காக அக்கோட்பாடு தொழிலாளியின் விடயத்தில் மட்டும் கைவிடப்பட்டது.

கோப்பிப் பயிர்ச்செய்கை நோயினால் வீழ்ச்சியுற்றுத் தோட்டங்கள் பல கைவிடப்பட்ட காலத்தில், கூலி நிலுவையின் கொடுமை அரசாங்கத்தின் கண்ணுக்கும் மறைக்கமுடியாததாயிற்று. இதன் விளைவாகத் தொழிலாளரின் கூலி தோட்டத்தின் மீதான முதற் பொறுப்பாக ஆக்கப்பட்டது. அதாவது, கடன் கொடுத்த வேறெவருக்கும் முன்னதாகத் தொழிலாளிக்குத் தீர்க்கப்படவேண்டிய கடன் என்ற நிலை ஏற்பட்டது. ஆயினும் 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாதக் கூலியை அம்மாத முடிவிலிருந்து 60 நாட்களுக்குள் கொடுத்தாற் போதுமென்றது. ஒருவர் எந்நேரத்திலும் இரண்டு, மூன்று மாதக் கூலியைத் தோட்டத்திடம் விட்டுவைத்தவராகவே இருந்தார் என்பது இதன் பொருள். செக்றோலில் பேர் விழுந்த நாளுக்கும் கையிற் காசு விழுந்த நாளுக்கும் இடையிலான இவ்விடைவெளியே பெரிய கங்காணியின் கடனுக்கும், தோட்டக் கடையின் பற்றுக்கும் இடங்கொடுத்தது எனலாம்.

இந்நிலையின் முற்றிய வடிவமே துண்டு முறை. ஒரு தொழிலாளியின் அல்லது ஒரு கங்காணியின் ஆட்கூட்டத்தின் பேரிலுள்ள கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோருக்கு ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. விலகுபவருக்குத் தோட்டம் கொடுக்கவேண்டியது எவ்வளவு என்ற கேள்வி இங்கு முற்றாகத் தலைகீழாக்கப்பட்டது. விலகுபவர் கொடுக்கவேண்டியது எவ்வளவு என்பதே கேள்வியாயிற்று. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. முறை ஒழிந்தது, மனோபாவம் ஒழிந்ததா என்பது ஐயத்துக்குரியது. இன்றைய அலுவலகங்களில் நகரும் விடுவிப்புப் படிவத்திலே, 'உன்னிடமிருந்து எமக்கு வரவேண்டியது முதலில்' என்ற அதே ஒழுங்குமுறை உறைந்திருத்தலைக் காண்கின்றோம். இவ்விரண்டையும் சமமெனக் கூறுவது மிகைப்படுத்தலாகும். ஒன்று மனிதரையே ஈடாக வைத்தது. மற்றையது அவருடைய பணத்தை ஈடாக வைக்கின்றது. ஆயினும் உறவின் திசை ஒன்றே.

இனிக் கொடுப்பனவுகளை நோக்குவோம். முதலாவதும் முதன்மையானதும் உழைத்த நாட்களுக்கான சம்பளமாகும். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தேயிலை, இறப்பர் முதலாக நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைத் தழுவி நிற்கின்றது. இச்சட்டத்தின்படி வேதன காலம் ஒரு மாதத்தை விஞ்சலாகாது. வேதன காலம் ஒரு வாரத்துக்கு மேற்படாவிடின் அதன் முடிவிலிருந்து 3 நாட்களுக்குள்ளும், ஒரு வாரத்துக்கு மேற்பட்டு இரு வாரங்களுக்கு உட்படின் 5 நாட்களுக்குள்ளும், இரு வாரங்களுக்கு மேற்படின் 10 நாட்களுக்குள்ளும் சம்பளம் கொடுபடல் வேண்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் வேதன காலத்திற்கு ஒரு மாதத்தையே உச்ச எல்லையாகக் கொண்டுள்ளது. இங்கு கவனித்தற்குரியது யாதெனில், இத்தவணைகள் உழைப்பு முடிந்த காலத்தைச் சார்ந்தனவேயன்றி ஊழியர் தொடர்ந்து வேலையில் இருக்கின்றாரா என்பதைச் சார்ந்தனவல்ல என்பதாகும். மார்ச் 31ஆந் திகதி விலகிய மாதச் சம்பள ஊழியருக்கும், ஏப்பிரல் முதலாந் திகதி வழமைபோல் வேலைக்கு வந்த அவரது சகபாடிக்கும் மார்ச் மாதச் சம்பளத்தைப் பொறுத்தவரையில் ஒரே தவணைதான் உண்டு. விலகியவருக்கு மட்டும் அதனை நீட்டிக்க வேதன காலத்து விதிகள் இடமளிக்கவில்லை. பணிக்கொடைக் கணக்கு முடியவில்லை என்பதோ, பொறுப்புக்கள் கையளிக்கப்படவில்லை என்பதோ ஏப்பிரல் 10ஆந் திகதியைத் தள்ளிப்போடும் காரணமாகாது.

சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1949ஆம் ஆண்டின் வேதனப் பாதுகாப்புச் சமவாயம் (95ஆம் இலக்கம்) தனது 12ஆம் உறுப்புரையில் இவ்விடயத்தை நேரடியாகவே தொடுகின்றது. தொழில் ஒப்பந்தம் முடிவுறும்போது கொடுபடவேண்டிய வேதனம் முழுவதும் நாட்டுச் சட்டங்களுக்கோ கூட்டு உடன்படிக்கைகளுக்கோ இணங்கத் தீர்க்கப்படல் வேண்டும். அவ்வாறான ஏற்பாடு இல்லாதவிடத்து நியாயமான கால எல்லைக்குள் தீர்க்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தை முடித்தவர் எவர் என்று அவ்வுறுப்புரை வினவவில்லை. இலங்கை இச்சமவாயத்தை 1983இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

'முடித்தவர் எவர்' என்ற இவ்வினா அற்பமானதன்று என்பதற்கு அயல்நாட்டுச் சட்டமே சான்று. இந்தியாவின் 1936ஆம் ஆண்டு வேதனக் கொடுப்பனவுச் சட்டம், முதலாளி வேலையை முடிவுறுத்தினால் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் கூலி கொடுபடவேண்டும் என்றது. தானாக விலகியவர் அவ்விதியினுள் அடங்கவில்லை. அவர் 7ஆம் நாள் அல்லது 10ஆம் நாள் என்ற வழமையான சம்பள நாளுக்காகக் காத்திருக்கவேண்டியவரானார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நிலவிய இவ்வேறுபாட்டை 2019ஆம் ஆண்டின் வேதனச் சட்டக்கோவை நீக்கிற்று. விலகியவருக்கும் இரு வேலைநாட் தவணையை அது விரித்துள்ளது. அக்கோவை 2025 நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலோ, 72 மணித்தியால முன்னறிவித்தல் கொடுத்து விலகுபவருக்கு இறுதி வேலைநாளிலேயே முழு வேதனமும் கொடுபடவேண்டும். அறிவித்தல் கொடாது விலகியவருக்கு 72 மணித்தியாலத் தவணையுண்டு. வேண்டுமென்றே தாமதிக்கும் முதலாளி, தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாட் கூலி வீதம், 30 நாட்கள் வரை, அவ்வூழியருக்கே தண்டமாகச் செலுத்தவேண்டும். தண்டப்பணம் அரசாங்கத்துக்குச் செல்லாது காத்திருந்தவருக்கே செல்லுதல் இவ்வேற்பாட்டின் சிறப்பு. முதலாளித்துவத்தின் கோட்டையெனப்படும் நாடொன்றின் மாநிலத்தில் இத்தகைய விதி இருத்தல் சிலருக்கு வியப்பளிக்கலாம். நமது நாட்டில் சம்பளத் தாமதம் நீதவான் நீதிமன்றில் தண்டிக்கத்தக்க தவறாயினும், காத்திருந்த நாட்களுக்கு விலைகூறும் ஏற்பாடு பணிக்கொடை விடயத்திலேயே உருவாகியுள்ளது. அதனைப் பின்னர் காண்போம்.

சம்பளத்துடன் ஒட்டியது விடுமுறைப் பணம். இரண்டாம் ஆண்டு முதல் ஊழியருக்குரிய 14 நாள் ஆண்டு விடுமுறை அவர் முன்னைய ஆண்டில் உழைத்ததன் பேறாகும். அது முதலாளியின் கருணையன்று; விலகுவதால் அற்றுப்போவதுமன்று. எடுக்கப்படாத நாட்கள் பணமாகின்றன; அப்பணத்தின் மீதும் சேமலாப நிதிக்கான பங்களிப்புக் கணிக்கப்படல் வேண்டும். கழிப்பனவுகளைப் பொறுத்தவரையில், சம்பளச் சபைகள் சட்டத்தின் நிலைப்பாடு தெளிவானது: அனுமதிக்கப்பட்ட கழிப்பனவுகள் தவிர்ந்த வேறெதனையும் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ள முடியாது. முன்னறிவித்தற் காலத்தை நிறைவுசெய்யாது சென்றவரிடமிருந்து அக்காலத்துக்குரிய தொகையைக் கோரும் உரிமை, நியமனக் கடிதத்தில் அவ்வாறு உடன்பட்டிருப்பின், முதலாளிக்கு உண்டாகலாம். கோரும் உரிமை வேறு. தானே நீதிபதியாகித் தானே வெட்டிக்கொள்ளும் அதிகாரம் வேறு. நடைமுறையில் இரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன.

பணிக்கொடைக்கு வருவோம். மலையகத்திலே 'சேவைக்காலப் பணம்' எனப் பரவலாக வழங்கும் இக்கொடுப்பனவே விலகுபவருக்குக் கிடைக்கும் தொகைகளுட் பெரும்பாலும் பெரியது. பிணக்குகளும் இதனைச் சூழ்ந்தே மிகுதி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம், வேலை முடிவுறுவதற்கு முந்திய பன்னிரு மாதங்களுள் ஏதேனும் ஒரு நாளில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்டிருந்த தொழில்கொள்வோர் யாவரையும் கட்டுப்படுத்தும். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சேவையை நிறைவுசெய்த ஊழியரே இதற்கு உரித்துடையவர். மாதச் சம்பளம் பெறுபவருக்கு நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளமும், ஏனையோருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளமும் இறுதியாகப் பெற்ற வீதத்திற் கணிக்கப்படும். இச்சட்டத்தின் முற்போக்கான கூறு யாதெனில், வேலை முடிவுற்றமை முதலாளியால் நேர்ந்ததா, ஊழியரால் நேர்ந்ததா, ஓய்வினாலா, மரணத்தினாலா என்ற வேறுபாட்டை அது பாராட்டுவதில்லை. பணிக்கொடை விசுவாசத்திற்கான வெகுமதி என்ற பழைய எண்ணத்தை இச்சட்டம் முறித்தது. கழிந்த ஆண்டுகளின் உழைப்பிலிருந்து ஒத்திவைக்கப்பட்ட கூலியாக அதனை நோக்குவதே இச்சட்டத்தின் உட்கிடை என்பது எமது கருத்து.

தவணை 30 நாட்கள். வேலை முடிவுற்ற திகதியே அதன் தொடக்கம். விடுவிப்புப் படிவம் நிறைவுபெற்ற திகதியன்று. அத்தவணை தவறின், தாமதத்தின் நீளத்துக்கேற்ப 10 வீதத்திலிருந்து 30 வீதம் வரையிலான மேலதிகக் கட்டணத்தையும் முதலாளி செலுத்தக் கடமைப்பட்டவர். ஓர் உதாரணம் கொள்வோம். மாதம் 40,000 ரூபா பெறும் ஒருவர் 7 ஆண்டு 8 மாதச் சேவையின் பின் விலகுகின்றார். நிறைவுற்ற ஆண்டுகள் ஏழே. எட்டு மாதங்கள் கணக்கில் வாரா. அரை மாதச் சம்பளமான 20,000 ரூபாவை ஏழாற் பெருக்க 1,40,000 ரூபா வரும். தாமதம் ஓராண்டையும் கடந்து நீளுமாயின் 30 வீதமாகிய 42,000 ரூபா மேலும் சேரும். இக்கணக்கைத் தெரிந்திருந்த ஊழியர் எத்தனை பேர் என்பதைவிட, தெரிந்திருந்தும் கேட்கத் தயங்கியோர் எத்தனை பேர் என்பதே ஆராயத்தக்கது. அடுத்த வேலைக்குப் பழைய முதலாளியின் சான்றிதழ் தேவைப்படும் ஊரில், மேலதிகக் கட்டணம் கேட்பவர் அச்சான்றிதழைப் பணயம் வைக்கின்றார்.

கணிப்பின் அடித்தளமும் பிணக்குக்குரியதே. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, அதையொத்த படிகள், துண்டுவேலைக் கூலி ஆகியன உள்ளடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு உள்ளடங்காது. எனவே அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, வரவுக்கான ஊக்கத்தொகை, உற்பத்தி ஊக்கத்தொகை என்ற பெயர்களாற் கைக்கு வரும் தொகையை உயர்த்திக் காட்டும் சம்பள அமைப்பு மாதந்தோறும் பாதிப்பாகத் தோன்றுவதில்லை. விலகும் நாளிலேயே அதன் விளைவு தெரியவரும்.

பணிக்கொடையை முதலாளி மறுக்கக்கூடிய சந்தர்ப்பத்தைச் சட்டம் 13ஆம் பிரிவில் வரையறுத்துள்ளது. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் விளைத்தல், பொருள் இழப்பை ஏற்படுத்தல் ஆகிய காரணங்களுக்காகச் சேவை முடிவுறுத்தப்பட்டவர், ஏற்பட்ட இழப்பின் அளவுக்கு மட்டும் பணிக்கொடையை இழப்பார். இரண்டு வரம்புகள் இங்கு உள. ஒன்று, அக்காரணத்துக்காகவே சேவை முடிவுறுத்தப்பட்டிருத்தல் வேண்டும். மற்றையது, இழப்பின் தொகைக்கு மேல் ஒரு சதமும் பிடிக்கலாகாது. விலகல் கடிதம் கொடுத்துச் சென்ற ஒருவர் மீது பின்னர் கையிருப்புக் குறைவைச் சுமத்திப் பணிக்கொடை முழுவதையும் நிறுத்திவைத்தல் இப்பிரிவின் சொற்களுக்கும் நோக்கத்துக்கும் முரணானது.

ஐந்தாண்டு என்ற வாயிற்படியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் அவசியம். 1978இன் 4ஆம் இலக்கச் சட்டத்தைத் தொடர்ந்து கட்டுநாயக்காவிலும் பின்னர் வேறிடங்களிலும் அமைந்த சுதந்திர வர்த்தக வலயங்களின் ஆடைத் தொழிற்சாலைகளில், கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்களே பெருந்தொகையினர். திருமணத்துக்கு முந்திய சில ஆண்டுகளே பலருடைய தொழில் வாழ்வாக அமைந்தது. நான்கு ஆண்டு பதினொரு மாதம் உழைத்து விலகும் பெண்ணுக்குப் பணிக்கொடைச் சட்டம் எதனையும் கொடுப்பதில்லை. ஒரு மாதம் கூடுதலாக நின்றவருக்கு இரண்டரை மாதச் சம்பளம் கிடைக்கும். சட்டத்தை வகுத்தோர் மனக்கண்ணில் நீண்டகாலம் ஓரிடத்தில் வேலைசெய்யும் ஆண் ஊழியரே இருந்தார் போலும். குறுகிய காலம் கடுமையாக உழைத்துக் களைத்து வெளியேறும் உழைப்பாளரை அடிப்படையாகக் கொண்ட ஓர் உற்பத்தி அமைப்புக்கு இவ்வாயிற்படி செலவைக் குறைக்கும் சாதனமாகவும் அமைந்துவிட்டது. நிறைவுற்ற மாதங்களுக்கு விகிதாசாரப்படி கொடுக்கும் முறையொன்று ஏன் கூடாது என்ற கேள்வி தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை என்பது எமது மனக்குறை.

ஊழியர் சேமலாப நிதி பற்றிய தவறான எதிர்பார்ப்பும் விலகுவோரிடையே பரவலாக உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். இப்பணம் முதலாளியின் கையில் இல்லை; விலகியவுடன் கிடைப்பதுமில்லை. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது நிறைவுற்று ஓய்வு பெறுதல், திருமணத்தின் பொருட்டுப் பெண்கள் வேலையை விடுதல், நிரந்தர உடல் இயலாமை, நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறல், ஓய்வூதியமுள்ள அரச பதவியொன்றில் சேர்தல் முதலிய சந்தர்ப்பங்களிலேயே முழுத்தொகையையும் மீளப் பெறலாம். ஏனையோரின் பணம் நிதியத்தில் வட்டியுடன் நிற்கும். ஆகவே விலகுபவர் முதலாளியிடம் கேட்கவேண்டியது பணத்தையன்று; இறுதி மாதத்துக்கான பங்களிப்பும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட்டதா என்பதையும், முன்னைய மாதங்களில் இடைவெளி உண்டா என்பதையுமே. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தாலான ஊழியர் நம்பிக்கை நிதியம் வேறு வகையானது. முதலாளி மட்டும் செலுத்தும் 3 வீதமாகிய இப்பணத்தை, வயது எதுவாயினும், வேலையிலிருந்து விலகியவர் கோரிப் பெறலாம். ஆயின் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் அன்று.

இதுகாறும் விலகல் என்பதை உண்மையான விலகல் என்றே கொண்டு பேசினோம். ஆனால் விலகல் கடிதங்கள் யாவும் விலகுபவரின் விருப்பத்திற் பிறந்தவையல்ல. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஊழியர் வேலை முடிவுறுத்தற் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரையுடைய முதலாளி, ஒழுக்காற்றுக் காரணமன்றி ஒருவரை நீக்குவதாயின் அவ்வூழியரின் எழுத்துமூல முன்சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல முன்னனுமதியையோ பெறவேண்டும். ஆணையாளரின் அனுமதி விசாரணையை வேண்டுவது, நட்டஈட்டை வேண்டுவது. ஒரு தாளில் எழுதி வாங்கிய விலகல் கடிதமோ இரண்டையும் வேண்டாதது. இதனாற் சட்டம் எவ்வளவுக்குப் பாதுகாப்பைக் கூட்டிற்றோ அவ்வளவுக்கு விலகல் கடிதத்தின் பெறுமதி முதலாளியிடத்தே கூடிற்று. "எழுதித் தந்தால் கணக்கை இன்றே முடிப்போம், இல்லையேல் அலையவேண்டும்" என்ற பேரம் இங்குதான் தோன்றுகின்றது. ஏலவே உழைத்துப் பெற்ற சம்பளத்தையும் பணிக்கொடையையும், அவை புதிதாகக் கொடுக்கப்படும் சலுகைகள் போலக் காட்டி, அவற்றுக்கு ஈடாக வேலையைப் பறிக்கும் தந்திரம் இது. கொடுப்பனவுகளின் தவணைகள் விலகல் கடிதத்தைச் சார்ந்தனவல்ல என்பதை ஊழியர் அறிந்திருப்பாராயின் இப்பேரத்தில் முதலாளி விற்பதற்கு ஒன்றும் இராது.

இவ்விடத்து ஒரு சட்ட நுணுக்கத்தைக் குறிப்பிடல் தகும். கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தின் 31ஆ பிரிவு, தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கும் உரிமையை முதலாளியால் சேவை முடிவுறுத்தப்பட்டவருக்கே கொடுக்கின்றது. தானாக விலகியவர் மீள வேலை கேட்டு அங்கு செல்ல இயலாது. எனினும், வற்புறுத்தலால் எழுதப்பட்ட கடிதத்தையும், தொடர்ந்து வேலை செய்ய இயலாத நிலையை முதலாளியே தோற்றுவித்ததால் நேர்ந்த வெளியேற்றத்தையும், உட்பொருளால் முதலாளி செய்த முடிவுறுத்தலாகவே கொள்ளும் மரபு நமது நீதிமன்றங்களில் உண்டு. வேலைக்கு வராதிருந்தவரைப் 'பதவியைக் கைவிட்டார்' எனக் கூறிக் கணக்கை மூடுவதும் எளிதன்று. வராமையுடன், திரும்பி வரும் எண்ணம் அவருக்கு இல்லாதிருந்தமையும் நிறுவப்படல் வேண்டும். விண்ணப்பத்துக்குரிய காலம் ஆறு மாதம். பணம் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தே அவ்வாறு மாதங்களையும் கழித்தவர் பலர்.

கொடுப்பனவு மறுக்கப்பட்டால் முதற்படி தொழில் திணைக்களத்தின் பிரதேச அல்லது மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்திலான முறைப்பாடு. பணிக்கொடை விடயத்தில் ஆணையாளர் உரிய தொகையைக் குறிப்பிட்டு நீதவானுக்குச் சான்றுப் பத்திரம் அனுப்பலாம். நீதவான் அதனைக் குற்றப்பணம் போன்று அறவிடுவார். ஊழியர் தாமாகச் சட்டத்தரணியை அமர்த்தி வழக்காட வேண்டியதில்லை. ஆயினும் 15 பேருக்குக் குறைவானோர் வேலைசெய்யும் கடைகளும் பட்டறைகளும் இவ்வேற்பாட்டின் புறத்தே நிற்கின்றன. தனியார் வீட்டு வேலையாளரும் அவ்வாறே. சிறு நிறுவன ஊழியர் பணிக்கொடை கோரித் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கு அது விதிப்படி வரும் தொகையன்று. நீதியும் ஒப்புரவும் எனச் சபைக்குத் தோன்றும் தொகையே.

யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் கொழும்புப் புறக்கோட்டையிலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் நின்ற ஊழியர் பலரிடம் நியமனக் கடிதம் என்று ஒன்று இருப்பதில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலைக்கமர்த்தும்போதே நியமனத்தின் தன்மை, சம்பளம் முதலிய விபரங்களை எழுத்திற் கொடுக்குமாறு முதலாளியைப் பணிக்கின்றபோதிலும், உறவுமுறையாலோ ஊர்முறையாலோ சேர்த்துக்கொள்ளப்பட்டவர் அதனைக் கேட்பதில்லை. கேட்பது நம்பிக்கையின்மையாகக் கருதப்படும். விலகும் வேளையில், சேர்ந்த திகதி எது என்பதிலேயே பிணக்குத் தொடங்கும். அப்போது கையிலிருக்கக்கூடிய சான்று சேமலாப நிதியின் வருடாந்தக் கணக்குக் கூற்று ஒன்றே. அதில் முதற் பங்களிப்பு விழுந்த மாதம் எழுதப்பட்டிருக்கும். வேலையில் இருக்கும்போதே ஆண்டுதோறும் அதனை வாங்கிப் பார்த்து, சம்பளச் சிட்டைகளுடன் சேர்த்து வீட்டில் வைத்திருத்தல், விலகல் கடிதத்தின் ஒரு பிரதியில் முதலாளியின் கையொப்பத்தையும் திகதியையும் பெற்றுக்கொள்ளல், பதிவுத் தபாலில் அனுப்பின் அதன் பற்றுச்சீட்டைப் பேணல் ஆகியன சிறு காரியங்களே. 10 நாட்களும் 30 நாட்களும் எந்தத் திகதியிலிருந்து எண்ணப்படும் என்பதை அத்தாள்களே தீர்மானிக்கும்.